ஆடிக்காத்துல டெயில்வீல் மாடலை இறக்குறது எப்படி? கம்மாய்க்குள்ள பறக்கவிடுறவங்க உதவுங்க

புதுவயல்_கார்த்தி | ஜூலை 22, இரவு 8:14

வணக்கம். நானே கட்டுன ரிமோட் விமானம், பைப்பர் கப் மாடல். டெயில்வீல், அதாவது முன்னாடி ரெண்டு சக்கரம், வால்ல ஒரு குட்டிச் சக்கரம். ஜே-3 மாதிரியே மஞ்சள் கலர், இறக்கை 1.4 மீட்டர், பேட்டரியோட 1.2 கிலோ. ஃபோம் போர்டுதான், இறக்கைக்குள்ள மட்டும் பால்சா கட்டை. மேல போயிட்டா அருமையா பறக்குது. கம்மாய் காஞ்சு கெடக்கு, உள்ளே தரையும் மோசமில்ல. தொல்லையெல்லாம் இறங்கும்போதுதான். சக்கரம் தரையத் தொட்டு கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் திடீர்னு வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துரும். இறக்கை முனை மண்ணுல உரசி, ஒரு பக்கத்துக் கம்பி வளைஞ்சுபோயிருது.

காலையில காத்தில்லாதப்ப இது கம்மி. ஆனா எனக்குக் காலேஜ் விட்டு நாலரைக்கு மேலதான் நேரம். அப்பப் பாத்து காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது, அதுவும் சீரா இல்ல, விட்டு விட்டு. முன்சக்கரம் வெச்ச டிரெய்னர்ல இந்தக் கூத்தே வந்ததில்ல. சக்கரத்த மாத்தணுமா, கைரோ (விமானத்தத் தானா நிதானப்படுத்துற கருவி) போடணுமா, இல்ல கப்பு ஆடி மாசத்துக்கு ஆகாதா?

செக்காலை_சேட்டை | 8:20

ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க. நீங்க அதுல ஃபோம் போர்டை இறக்கப் பாக்குறீங்க. ஆவணி வரட்டும் தம்பி.

கம்மாய்ப்பறவை | 8:41

சேட்டை, ஒதுங்கு.

கார்த்தி, ரெண்டே கேள்வி. நீ எங்க நின்னு, எந்தப் பக்கமா இறக்குற? இறங்கும்போது ரட்டர் குச்சிய, அதான் வால்ல நின்னு மூக்க இடம் வலம் திருப்புற பலகையோட குச்சிய, தொடுறியா?

புதுவயல்_கார்த்தி | 8:55

கரை மேல நிப்பேண்ணே. கரை கிழக்கால இருக்கு, வடக்கு தெக்கா ஓடுது. கரைய ஒட்டி உள்பக்கமாத்தான் தரை சமமா இருக்கும், அதனால கரைக்கு இணையா, வடக்க இருந்து தெக்கு பாக்க இறக்குறேன். ரட்டர் ஏறும்போது மட்டும். இறங்கும்போது இறக்கையச் சாய்க்கிற எய்லரானும் மூக்க ஏத்தி இறக்குற எலிவேட்டரும்தான்.

கம்மாய்ப்பறவை | 9:30

அப்ப பாதி விடை அதுலயே இருக்கு. ஆடியில நம்ம பக்கம் காத்து மேக்க இருந்து. நீ தெக்கு பாக்க இறக்குற. முழுக் காத்தும் வலது விலாவுல குத்துது. ஓடுதளம் வெச்சிருக்கவனுக்கு வேற வழி கிடையாது, தளம் எந்தத் திசையோ அந்தத் திசை. உனக்கு எதுக்கு அந்தக் கட்டாயம்? கம்மாய் நாலு பக்கமும் தொறந்து கெடக்கு. அந்தக் காலத்து விமானத் தளங்கள் பலதும் வெறும் புல்வெளிதான். காத்துத் திசை காட்டுற துணிப் பையப் பாத்து அன்னைக்கு எந்தப் பக்கம் காத்தோ அந்தப் பக்கம் மூக்க வெச்சு இறக்குவாங்க. நீயும் மேக்கு பாக்க இறக்கு.

"மேக்கு பாத்தா கண்ணுல வெயிலடிக்குமே"ன்னு கேப்ப. கரை மேல நின்னா அடிக்கும்தான். அதோட விமானம் உன் முதுகுப் பக்கமிருந்து தலைக்கு மேல வரணும், அது ஆகாத வேலை. கரைய விட்டுக் கீழ எறங்கி, உள்வாய்க்குள்ள வடக்கு ஓரமாப் போய் தெக்கு பாத்து நில்லு. விமானம் இடது கைப்பக்கமிருந்து வலது கைப்பக்கமாப் போகும், வெயில் பக்கவாட்டுல. நிக்கிற இடத்துக்குச் சத்த முன்னாலயே தொட வை, ஓட்டமெல்லாம் உன்னத் தாண்டிப் போகட்டும். உன்னைப் பாத்து வர்ற விமானத்துக்கு ரட்டர் இடம் வலம் மாறித் தெரியும். விலகிப் போற விமானத்துக்கு அந்தக் குழப்பமில்ல.

இன்னொண்ணு. மேக்கோரம் சீமைக்கருவை மண்டியிருக்குமே, அதுக்குப் பக்கத்துல போய் இறக்காத. மரத்துக்குப் பின்னாடி காத்து சுருண்டு கீழ விழும். மரம் நாலு மீட்டருன்னா நாப்பது மீட்டருக்கு மேல தள்ளியே வெச்சுக்க, இன்னும் தள்ளினா இன்னும் நல்லது.

பழைய_ஹேங்கர் | 10:12

தம்பி கார்த்திக்கு. நான் ஃப்ளையிங் கிளப்பில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது கோட்டையூர்வாசி. எங்கள் கையில் இருந்தது புஷ்பக். எச்.ஏ.எல். தயாரிப்பு, முதலில் பறந்தது 1958இல். துணி போர்த்திய மேல் இறக்கை, 90 குதிரைசக்தி கான்டினென்டல் எஞ்சின், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீட்டு, பின்னால் வால் சக்கரம். ஒரு காலத்தில் நம் நாட்டு கிளப்புகளில் பிள்ளைகள் பறக்கக் கற்றதே அதில்தான்.

உங்கள் மாடல் ஏன் சுற்றுகிறது என்றால், எடையின் மையம் முன் சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. சைக்கிளைச் சீட்டைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கொஞ்ச தூரம் நேராக வரும், அப்புறம் ஹேண்டில் தானாக மடங்கிக்கொள்ளும். அதே கதைதான். சக்கரம் தரையைத் தொடும்போது மூக்கு ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம் என்றிருந்தால், பின்னால் இருக்கும் எடை முன்னால் இருக்கும் சக்கரத்தை முந்தப் பார்க்கும். முந்த ஆரம்பித்தால் கோணல் இன்னும் கூடும், கூடக் கூட இன்னும் வேகமாக முந்தும். முன்சக்கர விமானத்தில் எடை மையம் பிரதான சக்கரத்துக்கு முன்னால், அதனால் கோணலாகத் தொட்டாலும் தானே நேராகிவிடும். உங்கள் டிரெய்னர் இத்தனை நாளும் உங்கள் கோணலை மறைத்துக் கொடுத்திருக்கிறது.

ஆகவே சக்கரம் தொட்டதும் இறங்கியாயிற்று என்று நினைக்கக் கூடாது. வண்டி நின்று, எஞ்சின் அணைந்து, இறக்கையைக் கயிறு போட்டுக் கட்டும்வரை பறந்துகொண்டிருப்பதாகவே கணக்கு. டைகர் மாத் என்ற பழைய பயிற்சி விமானங்கள் பலவற்றில் பிரேக்கும் கிடையாது, வால் சக்கரத்துக்குப் பதில் ஒரு இரும்புச் சறுக்குக் கட்டைதான். காற்று நாளில் தரையில் ஓட்டும்போது இறக்கை முனைக்கு ஓர் ஆள் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார்கள்.

புதுவயல்_கார்த்தி | 10:30

ஐயா, சைக்கிள் விஷயத்த இப்பவே தள்ளிப் பாத்துட்டேன். வீட்டுல என்னன்னு கேக்குறாங்க.

டெக்சஸ்_பள்ளத்தூரான் | ஜூலை 23, காலை 6:05

இங்க சாயங்காலம், அங்க விடிஞ்சிருக்கும். நான் வார இறுதியில சிடாப்ரியா ஓட்டுறேன், அதுவும் டெயில்வீல்தான். இங்க அதுக்குத் தனியா ஒரு இன்ஸ்ட்ரக்டர் கையெழுத்து வேணும். 1991 ஏப்ரல் 15க்கு முன்னாடியே டெயில்வீல் ஓட்டிப் பதிவு பண்ணவங்களுக்கு மட்டும் விலக்கு. அந்தக் கையெழுத்துக்குப் பக்கவாட்டுக் காத்துல இறக்குறது, வீல் லேண்டிங், திரும்ப மேல போறது எல்லாம் காட்டணும்.

கார்த்தி, நீங்க மூணு சக்கரத்தையும் ஒண்ணாத் தொடவைக்கப் பாக்குறீங்கன்னு நினைக்கிறேன். மூக்கத் தூக்கி, ஸ்டால் (வேகம் கொறஞ்சு இறக்கை தூக்குறத விட்டுடுற நிலை) வர்ற நேரத்துல தொடுறது. காத்தில்லாத நாள்ல அதுதான் அழகு. விட்டு விட்டு அடிக்கிற காத்துல அதுதான் வினை. இறக்கை நல்ல கோணத்துல நிமிர்ந்திருக்கப்ப ஒரு வீச்சு வந்தா அப்படியே தூக்கிடும். வீச்சு நின்னதும் வேகமில்லாம ரெண்டடி ஒசரத்துல தொங்குவீங்க. அப்புறம் தொப்புன்னு விழ வேண்டியதுதான்.

வீல் லேண்டிங் பண்ணுங்க. கொஞ்சம் கூடுதல் வேகம், வால் மேலயே இருக்க, முன் ரெண்டு சக்கரமும் மெதுவாத் தொடணும். தொட்ட அந்த நொடியில குச்சிய ஒரு பொட்டு முன்னாடி. இறக்கை கோணம் கொறஞ்சுரும், வீச்சு வந்தாலும் தூக்காது. வேகமிருக்கதால ரட்டரும் நல்லாக் கேக்கும்.

பழைய_ஹேங்கர் | 7:20

பள்ளத்தூர்க்காரர் சொல்வது தார்த் தளத்துக்குச் சரி. கண்மாய்த் தரை அப்படியா? வண்டல் காய்ந்து வெடித்திருக்கும், மாட்டுக் குளம்படி பதிந்து இறுகியிருக்கும். இரண்டங்குலச் சக்கரம் கூடுதல் வேகத்தில் அதில் மாட்டினால், குச்சி வேறு முன்னால் தள்ளியிருக்கிறது, நேரே மூக்குக் குத்திப் புரொப்பல்லர் போகும். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுத்தது மூன்று சக்கர இறக்கம்தான். மெதுவாகத் தொட்டால் சுற்றினாலும் சேதம் குறைவு. வால் சக்கரம் தரையில் பதிந்துவிட்டால் திருப்பும் பிடியும் கிடைக்கிறது.

இன்னொரு விஷயம். வீல் லேண்டிங்கில் கொஞ்சம் வேகமாகக் கீழே இறங்கித் தொட்டுவிட்டால், பின்னால் இருக்கும் எடை வாலை அமுக்கும், மூக்கு நிமிரும், இறக்கை தூக்கும். துள்ளல். பிள்ளை பயந்து குச்சியை முன்னால் தள்ளுவான், அடுத்த துள்ளல் இன்னும் பெரிதாக வரும்.

டெக்சஸ்_பள்ளத்தூரான் | 7:48

துள்ளினா குச்சிய வெச்சு விளையாடக் கூடாது ஐயா, த்ராட்டிலக் கொடுத்து, அதாவது எஞ்சின் வேகத்தக் கூட்டி, மேல போயிடணும். தரை விஷயத்துல உங்க பேச்ச ஒத்துக்கிறேன். காத்து விஷயத்துல இல்ல.

நீலவானம் | 9:15

நான் தேவகோட்டை. விமானி பயிற்சியில இருக்கேன், லீவுக்கு வந்திருக்கேன். நாங்க ஓட்டுறது செஸ்னா 172, முன்சக்கரம்தான். அதனால டெயில்வீல் சண்டையில நான் வரல. கார்த்தி சொன்ன எண்களை வெச்சுக் கணக்கு மட்டும் போட்டுப் பாத்தேன்.

1.2 கிலோ, இறக்கை அகலம் 21 செ.மீ. மாதிரி இருந்தா பரப்பு 0.3 சதுர மீட்டர். ஸ்டால் வேகம் மணிக்கு 26 கி.மீ. பக்கத்துல வரும். இறங்க வர்ற வேகம் ஸ்டாலப் போல 1.3 மடங்கு, அதாவது 34. இப்ப பக்கவாட்டுல 20 கி.மீ. காத்து. நேர்கோட்டுல வரணும்னா மூக்கக் காத்துப் பக்கம் 36 டிகிரி திருப்பி வெச்சுக்கணும். கார்த்தி அப்படித் திருப்பல, அதனால காத்து அவர் விமானத்தக் கரைப் பக்கமாத் தள்ளிக்கிட்டே வருது, தொடும்போது சக்கரம் பக்கவாட்டுல இழுபடுது. 172க்குத் தயாரிச்சவங்க இறக்கிக் காட்டின பக்கக் காத்து 15 நாட் (மணிக்கு 28 கி.மீ.), நாங்க வர்றது 65 நாட் (120 கி.மீ.) சுமார். கோணம் 13 டிகிரிதான். அந்தக் கோணத்த வெச்சுப் பாத்தா, கார்த்தி தெரியாமலே எங்க இன்ஸ்ட்ரக்டர் எங்களத் தனியா விடவே மாட்டார்ங்கிற மாதிரிக் காத்துல இறக்கிக்கிட்டு இருக்கார்.

மேக்கு பாத்து இறக்கினாலும் காத்து சரியா மூக்குல இருக்காது, கொஞ்சம் அங்க இங்க மாறும். அப்ப காத்து வர்ற பக்கத்து இறக்கையைச் சத்தக் கீழ சாய்க்கணும், எதிர்ப்பக்கம் ரட்டர் கொடுத்து மூக்கை ஓடுற திசைக்கு நேரா வெக்கணும். காத்துப் பக்கச் சக்கரம் முதல்ல தொடும். தொட்ட பிறகு எய்லரானை விட்டுடாதீங்க. வேகம் கொறையக் கொறைய எய்லரானோட பலமும் கொறையும், அதனால காத்துப் பக்கம் இன்னும் இன்னும் கூட்டிக் கடைசியில முழுசாவே வெச்சிருக்கணும்.

வீச்சுக்குக் கூட்ட வேண்டிய வேகம்: சீரான காத்து 15, வீச்சு 25ன்னா வித்தியாசம் 10, அதுல பாதி 5. ஆக 34க்குப் பதிலா 39.

கம்மாய்ப்பறவை | 12:40

நீலவானம், நல்லாப் போட்ட கணக்கு. பெரிய விமானத்துல வேகம் காட்டுற முள்ளு இருக்கு, 39ன்னு பாத்துக்கலாம். நம்ம மாடல்ல முள்ளேது? இதுலதான் ஆர்.சி. ஓட்டுறவங்க ஏமாறுறது.

நாம பாக்குறது தரை வேகத்த. 20 கி.மீ. எதிர்காத்துல 39ல வர்ற மாடல் கண்ணுக்கு 19ல, சைக்கிள் வேகத்துலதான் தெரியும். சரியான வேகம்தான். ஆனா காத்தோட போகும்போது அதே மாடல் 59ல சீறும். "அய்யோ வேகம்"னு த்ராட்டிலக் கொறைப்பாங்க. அப்படியே திருப்புவாங்க. திருப்பத்துல ஸ்டாலாகி முனையோட மண்ணுல. ஆடியில நான் பாத்த விபத்துல பாதி இறங்குற இடத்துல நடக்கல, அந்தக் கடைசித் திருப்பத்துலதான்.

அதனால கண்ண நம்பாத, குச்சிய நம்பு. நல்ல ஒசரத்துக்குப் போ. த்ராட்டிலக் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைச்சு எந்த இடத்துல மூக்கத் தொங்கப் போடுதுன்னு பாத்து வை. இறங்க வரும்போது அதுக்கு மேல சில கட்டம் வெச்சே கொண்டுவா, சக்கரம் தொடுற வரைக்கும் முழுசா மூடாத. தரைக்கிட்ட காத்து கொறைவா இருக்கும். இருபதடியில இருந்த எதிர்காத்து ரெண்டடியில இருக்காது, திடீர்னு வேகம் போய் மாடல் தொம்முன்னு உக்காரும். கையில த்ராட்டில் இருந்தா தாங்கிக்கலாம்.

ஸ்டால் கிட்ட ஒரு இறக்கை சாஞ்சா எய்லரானால தூக்கப் பாக்காத. கீழ மடங்குற எய்லரான் இழுவையக் கூட்டி மூக்க அந்தப் பக்கமே இழுக்கும். ரட்டர்.

சண்டைக்கு என் தீர்ப்பு: வாலைச் சத்தத் தொங்கவிட்டு, ஆனா முழுசா மூணு சக்கரமா இல்லாம, முன் சக்கரம் ஒரு கண்ணிமைக்கு முன்னால தொடுற மாதிரி இறக்கு. வேகமும் நடுவாந்தரம். தொட்டதும் முன்னாடித் தள்ள வேணாம், அப்படியே வெச்சிரு. வால் தானா எறங்கும். எறங்கினதும் எலிவேட்டர முழுசாப் பின்னாடி இழுத்து வாலை அமுக்கு.

பழைய_ஹேங்கர் | 1:25

ஏற்கலாம். அந்த "வால் தானாக இறங்கும்" நேரம்தான் ஆபத்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ரட்டருக்குக் காற்று குறைந்துவிட்டது, வால் சக்கரம் இன்னும் தரையில் இல்லை. அந்த ஓரிரு நொடியில் ரட்டரை மிதிக்கும் கால் தூங்கக் கூடாது. தம்பிக்கு இடது கட்டைவிரல்.

செக்காலை_சேட்டை | 1:40

இவ்வளவு பேச்சுக்குச் செட்டிநாடு ஏர்ஸ்ட்ரிப்புக்கே போயிடலாம்ல? சண்டைக் காலத்துல வெள்ளைக்காரன் போட்டது, நீளமாத்தான் கெடக்கு.

கம்மாய்ப்பறவை | 1:52

அது அரசாங்க நிலம், கால்நடைப் பண்ணைப் பக்கம். அனுமதியில்லாம உள்ள போகாதீங்க. அதோட அங்கயும் தளம் போற திசையிலதான் இறக்கணும், ஆடியில நம்ம கம்மாயே மேல்.

டெக்சஸ்_பள்ளத்தூரான் | 6:10

ஏர்ஸ்ட்ரிப்னதும் ஞாபகம் வருது. ஐ.ஓ.பி.ய 1937ல தொடங்கின எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இறந்துபோனதும் ஒரு இறங்குற விபத்துலதான். 1954 மார்ச்சுல, சிங்கப்பூர் கல்லாங் ஏர்போர்ட்ல. ஓடுதளத்துக்கு முன்னாலயே சக்கரம் சுவர்ல இடிச்சிருச்சு. எங்க வீட்டுல அப்பத்தா இப்பவும் சொல்லும், நான் லைசென்ஸ் எடுத்தப்ப அழுததே அதுக்காகத்தான்.

நெறியாளர் | 6:32

அந்தப் பேச்சுக்குத் தனி இழை தொடங்கிக்குங்க. இங்க கார்த்தியோட கப்.

புதுவயல்_கார்த்தி | ஜூலை 25, இரவு 7:50

எல்லாருக்கும் நன்றி. மூங்கில் குச்சியில பாலித்தீன் நாடா கட்டி நட்டு, வடக்கோரமா நின்னு மேக்கு பாக்க இறக்குனேன். ரட்டர் தொட்டுக்கிட்டே இருந்தேன். சுத்துறது வெகுவாக் கொறஞ்சிருச்சு. ஆனா ரெண்டு விஷயம் புரியல. நேரா ஓடிக்கிட்டு இருக்கப்ப லேசா ரட்டர் கொடுத்தாலே பட்டுன்னு திரும்புது, அப்புறம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு பாம்பாட்டம். இறங்குனப்புறம் திரும்ப ஓட்டிக்கிட்டு வரும்போது, காத்து முதுகுல அடிக்க, வால் தூக்கிக் குப்புற விழுந்துச்சு. கைரோ போட்டா சரியாகுமா?

பழைய_ஹேங்கர் | 8:35

குப்புற விழுந்ததற்குக் காரணம், எலிவேட்டரைப் பின்னால் இழுத்தபடியே வந்திருப்பீர்கள். எதிர்காற்றில் அது வாலை அமுக்கும். முதுகுக் காற்றில் அதே எலிவேட்டருக்கு அடியில் காற்று புகுந்து வாலைத் தூக்கும். காற்று பின்னாலிருந்து வந்தால் குச்சி முன்னால். பின்னாலிருந்து பக்கவாட்டாக வந்தால், காற்று வரும் பக்கத்து எய்லரான் கீழே மடங்கியிருக்கவேண்டும். மாடலில் இன்னும் சுலபம், நடந்து போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

கம்மாய்ப்பறவை | 9:05

பாம்பாட்டம் வால் சக்கரத்தால. ரட்டரோட நேராக் கம்பியில இணைச்சிருப்ப. ரட்டர் அளவுக்கே சக்கரமும் திரும்புது, தரையில அது ரொம்ப அதிகம். நடுவுல ரெண்டு மெல்லிசு ஸ்பிரிங் போடு, பேனா ஸ்பிரிங்கே போதும். ரேடியோவுல ரட்டருக்கு எக்ஸ்போ கொஞ்சம் வை, நடுப்பகுதி மந்தமாகும். அப்புறம் முன் சக்கரம் ரெண்டையும் மேலருந்து பாரு. வளைஞ்ச கம்பிய நிமித்தினப்ப வெளிப்பக்கம் பாத்து விரிஞ்சிருக்கும். உள்பக்கமா ஒரு சின்னச் சாய்வு, ரெண்டு டிகிரி வாக்குல, வெச்சு மடக்கு. விரிஞ்சிருந்தா எந்த ரட்டராலயும் காப்பாத்த முடியாது.

கைரோவ இப்ப போடாத. போட்டா விரல் வேலை கத்துக்காது. தரையில எலிவேட்டரையும் அது தன் இஷ்டத்துக்கு ஆட்டும்.

டெக்சஸ்_பள்ளத்தூரான் | ஜூலை 26, காலை 5:40

திரும்ப மேல போறதயும் பழகிக்குங்க கார்த்தி. பெரிய விமானத்துலயும் மாடல்லயும் ஒரே விதி: த்ராட்டிலத் திடீர்னு முழுசாக் குத்தினா மூக்கு இடது பக்கம் ஓடும். மெதுவாக் கொடுத்து, கூடவே வலது ரட்டர்.

புதுவயல்_கார்த்தி | 7:02

சக்கரம் விரிஞ்சுதான் இருந்துச்சுண்ணே! ரெண்டும் வெளிய பாத்துக்கிட்டு. மடக்கியாச்சு. பேனா ஸ்பிரிங்கும் கெடச்சிருச்சு. ஞாயித்துக்கெழம அஞ்சரைக்கு யாராச்சும் வர்றீங்களா? ஆடு மேய்க்கிறவருகிட்ட தெக்கு ஓரமா ஓட்டச் சொல்லியிருக்கேன்.

கம்மாய்ப்பறவை | 7:15

அஞ்சரை வேணாம், ஆறு. செம்மண் சூடு எறங்குனா காத்து கொஞ்சம் சீராகும். புரொப்பல்லர் ரெண்டு சேத்து எடுத்துக்க. ஐயா, கோட்டையூர்ல வந்து உங்களக் கூட்டிக்கிறேன்.

பழைய_ஹேங்கர் | 7:31

வருகிறேன். மூன்று சக்கர இறக்கம் ஒன்று செய்து காட்டச் சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.